நெற்றியில் எழுதிய தண்டனை

கி.மு. 440-ஐ ஒட்டிய காலம். ஏதென்ஸ் நகரமும் சாமோஸ் தீவும் கடும் போரில் இருந்தன. சாமோஸ்காரர்கள் தங்களிடம் சிக்கிய ஏதென்ஸ் வீரர்களின் நெற்றியில் ஆந்தையைப் பச்சை குத்தினார்கள். ஆந்தை, ஏதென்ஸ் தன் நாணயத்தில் பொறித்திருந்த பறவை. அதற்கு முன்பே ஏதென்ஸ் தன் கைதிகள்மீது சாமோஸ் தீவின் கப்பலைக் குத்தியிருந்தது என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

இப்படிக் குத்திய குறிக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'ஸ்டிக்மா'. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இட்ட சூடு அது என்றே பின்னாளில் பலரும் எண்ணினார்கள். 1987-ல் சி.பி. ஜோன்ஸ் என்ற அறிஞர் பழைய நூல்களை ஒப்பிட்டு, பெரும்பாலும் அது ஊசியால் குத்திய பச்சைதான் என்று காட்டினார். கி.பி. 6-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஏட்டியஸ் அதன் செய்முறையையே எழுதிவைத்திருக்கிறார். ஊசியால் குத்தி, ரத்தத்தைத் துடைத்து, மையைத் தேய்க்க வேண்டும். குறியை அழிக்கும் மருந்தையும் அவரே சொல்கிறார். அழித்துவிடத் தவித்தவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்!

ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமைகளுக்கும் இதே கதிதான். ஆனால் கிரேக்கத்துக்கு வடக்கே, திரேசியரிடையே பச்சை குத்தியவரே உயர்குடியினர். குத்தாதவர் தாழ்ந்தவர் என்று எழுதுகிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கிறிஸ்தவ மரபிலும் 'ஸ்டிக்மா' என்ற சொல்லின் பொருள் திரும்பியது. தூய பவுல் இயேசுவின் அடையாளங்களை உடலில் தாங்குவதாகப் பெருமிதத்தோடு எழுதினார். 1224-ல் அசிசியின் பிரான்சிஸ் உடலில் தோன்றிய ஐந்து காயங்களும் அதே பெயரால் போற்றப்பட்டன.

அரசின் ஊசி மட்டும் ஓயவில்லை. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், சுரங்க வேலைக்குத் தண்டிக்கப்பட்டவரின் முகத்தில் குத்தக் கூடாது என்று சட்டமிட்டார். விண்ணக அழகின் சாயலான முகத்தைக் கெடுக்கலாகாது என்பது காரணம். கைகளிலும் கெண்டைக்காலிலும் குத்தத் தடையில்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து அந்த ஊசி இந்தியாவில் முகத்துக்கே திரும்பியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1797 முதல் வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் குத்தியது. 'கோத்னா' எனப்பட்ட இந்தத் தண்டனை சென்னை மாகாணத்துக்கும் பரவியது. நாடு கடத்தப்பட்ட கைதிகள் தலைப்பாகையை நெற்றிவரை இறக்கிக் கட்டி அந்த எழுத்தை மறைத்தார்கள். 1849-ல் அது ஒழிக்கப்பட்டது.

அடுத்து வந்தது 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். குற்றம் செய்தவர் நெற்றியில் இருந்த எழுத்து, குறிப்பிட்ட குலத்தில் பிறந்த அத்தனை பேர் மீதும் பதிவேடாக ஏறியது. 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்த இதைப் பிரமலைக் கள்ளர் 'ரேகைச் சட்டம்' என்றார்கள். கைரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, பலர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் சட்டம் ஒழிந்தது.

ஆந்தையைக் குத்தியவர்களும் ரேகை கேட்டவர்களும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்: தங்கள் பகையையும் பயத்தையும் எளியவர் உடலில் எழுதினார்கள். ஆகவே இழிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் எழுதியவர்கள்தாம். தொழுநோயாளிகள் மீது சமூகம் எழுதிய எழுத்தை அடுத்த வாரம் படிப்போம்.

(தொடரும்)