மணியார்டர் வந்த வீடுகள்

1962-ல் நெய்வேலியில் முதல் அனல் மின் யூனிட் ஓடத் தொடங்கியது. அதே வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி, காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை மாநில அரசு ஆரம்பித்தது. ஜம்புலிங்க முதலியார் நிலம் கொடுத்தது, 1957-ல் நேரு வந்து பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைத் தொடங்கிவைத்தது, ரஷ்ய இன்ஜினியர்கள் வந்து தங்கியது எல்லாம் எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அந்த 20 ரூபாயின் கதையைச் சொல்ல ஆள் இல்லை. பின்னாளில் அந்தப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போன தபால்காரர்களில் நான் ஒருவன். எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு உள்ளே வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், மரநிழல் சாலைகள், தவறாத சம்பளம், பி.எஃப்., ஆஸ்பத்திரி. வெளியே வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் ஒப்பந்தக் கூலிகள். அவர்கள் வீட்டுப் பெண்கள் முந்திரி உடைக்கப் போவார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களும் அங்கே உண்டு. நிலத்துக்கு மொத்தமாகக் கிடைத்த பணம் நான் அறிந்த வீடுகளில் பழைய கடனுக்கும் பெண் கல்யாணத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வருஷாவருஷம் விளைந்த மண்ணுக்கு ஒரே தடவையில் கை நிறையக் காசு கொடுத்தால், அடுத்த வருஷம் கையில் எதுவும் இருக்காது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டினார்கள். உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அப்போதும் எனக்கு இந்த எண்ணம்தான் வந்தது.

ஓ.ஏ.பி. என்ற முதியோர் பென்ஷன் பணம் வேறு மாதிரி. தாசில்தார் ஆபீசிலிருந்து மணியார்டராக வரும். மாதத்தின் முதல் வாரத்தில் நான் தெருமுனை திரும்பும்போதே திண்ணையில் ஆயாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். “தம்பி, வந்துடுச்சா?” படிவத்தை விரித்துவைத்து, இடது கைப் பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, ரேகை வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நோட்டை எண்ணிக் கையில் வைப்பேன். பெரிய நோட்டு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். சில்லறையாக வேண்டும். மளிகைக் கடைப் பாக்கிக்குக் கொஞ்சம் கையிலேயே இருக்கும், மாத்திரைக்கு உள்ளது சுருக்குப்பைக்குள் போகும், மிச்சம் முந்தானை முடிச்சில். டீக்கு என்று ஒரு காசை என் கையில் திணிக்கப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் கோபம் வரும்.

அந்தக் காலத்து விதி கடுமையானது. வயதுக்கு வந்த மகன் இருந்தால் ஆதரவற்றவர் இல்லை என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். மகன் இருந்தும் சோறு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது தெருவில் நடப்பவனுக்குத்தான் தெரியும். மந்தாரக்குப்பத்தில் ஒரு ஆயா, புருஷன் போனபிறகு மகன் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினால் அவருக்கு. ரொம்ப அலைந்து பென்ஷன் வாங்கினார். அப்போது 400 ரூபாய். சில மாதம் கழித்து நான் போனபோது மருமகள் வாசலுக்கு வந்து, “அத்தை, தபால்காரர் வந்திருக்காரு” என்று கூப்பிட்டாள். அதுவரை அவள் வாயில் அத்தை என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. பேரப்பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் மண்ணெண்ணெயும் ஆயாவின் காசில் வாங்கப்பட்டன. மளிகைக் கடையில் அவர் பேருக்குத் தனிக் கணக்கு ஓடியது; மணியார்டர் எப்போது வரும் என்று கடைக்காரருக்கும் தெரியும். கந்துவட்டிக்காரரிடம் கை நீட்டுவது அந்த வீட்டில் குறைந்தது. 400 ரூபாயால் ஒரு குடும்பம் மேலே வந்துவிடாது. ஆனால் ஒரு கிழவியின் பேரில், நாள் தெரிந்து, தவறாமல் வந்தது பாருங்கள், அதுதான் வீட்டுக்குள் அவர் இடத்தை மாற்றியது.

எனக்கு மிகவும் பிடிக்காத வேலை, ஆள் இறந்தபிறகு வரும் மணியார்டரைத் திருப்பி அனுப்புவது. “காரியத்துக்காவது ஆகும், கொடுத்துட்டுப் போங்க” என்று கேட்பார்கள். கொடுக்க முடியாது. ‘பெறுபவர் காலமானார்’ என்று எழுத வேண்டும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் எங்கள் பக்கத்து முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முந்திரி போனால் உடைக்கும் கூலியும் போயிற்று. புதுக்கன்று வைத்துக் காய்க்க வருஷங்கள் ஆகும். நல்லவேளையாக அந்த ஆண்டில்தான் ஜெயலலிதா பென்ஷனை 500-லிருந்து 1000 ஆக உயர்த்தியிருந்தார். வேலை செய்யும் வயதுக்காரர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த வீடுகளில் கிழவியின் ஆயிரம்தான் அடுப்பை எரித்தது.

பிறகு பணம் வங்கிக்கு மாறியது. கை மாறும் இடங்கள் குறைந்தன, அது நல்லது. ஆனால் பணம் எடுக்கக் கைரேகை மெஷின் வந்தது. முந்திரிக் கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும்; ஆயுசு முழுக்க உடைத்தவர்களின் விரல்நுனி வழவழவென்று தேய்ந்திருக்கும். மைப்பெட்டியில் அழுத்தினால் ஒரு கறையாவது விழும், சாட்சியும் பக்கத்தில் நிற்பார். மெஷினோ எதையும் படிக்காது. “நாளைக்கு வாங்க” என்பார்கள். நாளைக்கும் அதே விரல்தான்.

2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்தது. மாதம் 1000 ரூபாய், 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று விதிகள். தெருவில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவி சொன்னாள்: “கேஸ் வாங்கறதுக்கு அவருகிட்ட நிக்க வேணாம்ணே.” ஆயாவின் வீட்டில் நான் பார்த்த அதே மாற்றம், இப்போது நடுவயதுப் பெண்களுக்கு வந்திருக்கிறது.

காசாகக் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 2011-க்கும் 2013-க்கும் இடையில் மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சேவா அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு, நிபந்தனை இல்லாமல் ஆளுக்கு ஆள் மாதப் பணம் கொடுத்துப் பார்த்தது. சாப்பாடும் பள்ளிக்கூடமும் மேம்பட்டன, குடி கூடவில்லை. என் சைக்கிள் பாதையில் நான் கண்டதும் அதுவே.

பென்ஷன் 2011-லிருந்து 2023 வரை அதே ஆயிரத்தில் நின்றது; பிறகு 200 கூடியது. அதற்குள் எண்ணெயும் பருப்பும் எங்கேயோ போய்விட்டன. விலைவாசியோடு சேர்ந்து தொகையும் ஏற வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன். 2018-லிருந்து தபால்காரர்கள் அஞ்சலக வங்கிக்காகப் போனும் ரேகைக் கருவியும் கொண்டு வாசலுக்கே போகிறார்கள். விரல் தேய்ந்தவர்களுக்குக் கண்ணைப் படிக்கும் கருவியும் அந்தப் பையில் இருக்க வேண்டும். அதுவும் கிடைக்காத நாளில், பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சியை மறுபடி ஏற்றுக்கொள்ளட்டும்.