'பீரா... ஐயோ கசக்கும்!' என்பவரா? பிடிக்காமல் போவது ஏன், எந்த பீர் யாருக்கு செட் ஆகும்? முழு விவரம்

மார்ச் பிறந்தால் வரதராஜன்பேட்டை பக்கம் முந்திரி சீசன். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வரை தோப்புகளில் பழம் உதிரும் அதே நாட்களில்தான் வெயிலும் ஏறும். டாஸ்மாக் கடைகளில் "கூலிங் இருக்கா அண்ணே?" என்ற கேள்வியும் கூடவே ஏறும். சென்னை, பெங்களூரு என்று வேலைக்குப் போன பசங்க லீவுக்கு ஊர் திரும்பினால் ராத்திரி மாடியில் ஒரு ஜமா கூடும். அதில் கட்டாயம் ஒருத்தர் இருப்பார். ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். "எப்படிடா இதைக் குடிக்கிறீங்க?" என்பார். பக்கத்தில் இருப்பவர் சொல்லும் பதிலும் மாறவே மாறாது: "மொதல்ல அப்படித்தான் இருக்கும் மச்சி, போகப் போகப் பழகிடும்."

பழகித்தான் ஆக வேண்டுமா? அவருக்குப் பிடிக்காமல் போனது பீரா, இல்லை கையில் கிடைத்த அந்த ஒரு பாட்டிலா?

மூன்று பிராண்ட் குடித்தால் மூன்று வகையா?

தமிழகத்தில் 2003 முதல் மதுபான சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில்தான். கம்பிக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் எடுத்துக் கொடுப்பதுதான் பீர். அலமாரியில் வரிசையாகப் பல பெயர்கள் தெரிந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் 'லாகர்' என்ற ஒரே வகை. அதிலும் பெரும்பங்கு 'ஸ்ட்ராங்'.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஆல்கஹால் 5 சதவீதம் வரை இருந்தால் அது சாதாரண பீர். அதாவது நம்மூர் பேச்சில் லைட் பீர். 5-க்கு மேல் 8 சதவீதம் வரை போனால் ஸ்ட்ராங். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி இந்த இரண்டாவது ரகம்தான். காரணம் ருசி இல்லை, கணக்கு. இரண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால், "காசுக்கு ஏத்த போதை" எதில் என்று பார்த்து வாங்குகிறார்கள்.

அந்த 8 சதவீதத்தைத் தொட, முளைகட்டிய பார்லியோடு (இதைத்தான் மால்ட் என்கிறார்கள்) அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை போன்றவற்றையும் சேர்ப்பது வழக்கம். சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாக மாறிவிடும், ருசிக்கு எதையும் விட்டு வைக்காது. மிஞ்சுவது தொண்டையில் ஒரு எரிச்சலும், நாக்கில் ஒரு மாதிரி அசட்டுத் தித்திப்பும். இப்படி மூன்று பிராண்டை மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு "எனக்கு பீரே பிடிக்காது" என்பது, மூன்று கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு டிபனே பிடிக்காது என்பது மாதிரிதான்.

உலக அளவில் பீரை இரண்டு பெரிய குடும்பமாகப் பிரிக்கலாம். குளிரில் மெதுவாகப் புளிக்க வைப்பது லாகர். அதைவிடச் சூடான நிலையில் வேகமாகப் புளிக்க வைப்பது 'ஏல்'. இதில் ஈஸ்டே பழ வாசனையைக் கொண்டு வந்துவிடும். கோதுமை பீர், காபி நிறத்து 'ஸ்டவுட்', கசப்பு தூக்கலான 'இந்தியா பேல் ஏல்' எல்லாம் ஏல் குடும்பத்துப் பிள்ளைகள்.

பிடிக்காதது எது? முதலில் அதைப் பிடியுங்கள்

"பிடிக்கலை" என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து புகார் இருக்கிறது. கசப்பா, எரிச்சலா, கேஸா, நாற்றமா? ஒவ்வொன்றுக்கும் காரணமும் வேறு, தீர்வும் வேறு.

கசப்புக்குக் காரணம் 'ஹாப்ஸ்' என்ற கொடியின் பூ. நம்ம நாட்டில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது. பீர் காய்ச்சும்போது இந்தப் பூவைக் கொதிக்க விட்டால், அதிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கசப்பைக் கொடுக்கும். கசப்பு எல்லார் நாக்கிலும் ஒரே அளவில் உறைப்பதில்லை. கசப்பை உணரும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறும். பாகற்காயை ஒருத்தர் விரும்பிச் சாப்பிட, அதே வீட்டில் இன்னொருத்தர் தட்டைத் தள்ளி வைப்பார் இல்லையா, அதே கதைதான். ஆகவே "ஆம்பளைன்னா குடிக்கணும்" என்ற கிண்டலுக்கு அறிவியல் ஆதரவு கிடையாது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஏற்றது கோதுமை பீர். ஹாப்ஸ் குறைவு, கசப்பும் குறைவு. பெல்ஜியத்தின் ஹூகார்டன் இதற்குப் பிரபலமான உதாரணம். அதில் சேர்ப்பது ஆரஞ்சுத் தோலும், நம்ம அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தனியாவும்! ஆல்கஹால் 4.9 சதவீதம். சாதாரணக் கடைகளில் இதைத் தேடி அலைவது வீண். எலைட் கடைகளிலும், லைசென்ஸ் உள்ள நட்சத்திர ஓட்டல் பார்களிலும் கேட்டுப் பார்க்கலாம். பெங்களூருவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அங்கே கடையிலேயே பீர் காய்ச்சும் மைக்ரோபிரூவரிகளில், நாலைந்து வகையைச் சின்னச் சின்ன கிளாஸில் ருசி பார்க்கத் தருவார்கள். முழு பாட்டில் வாங்கிக் கீழே கொட்டும் நஷ்டம் இல்லை.

இதில் வரதராஜன்பேட்டைக்காரர்களுக்கு ஒரு அனுகூலமும் உண்டு. உப்பு, கசப்பை அமுக்கும். உப்பும் மிளகும் போட்டு வறுத்த முந்திரியை வாயில் போட்டுவிட்டு ஒரு மடக்கு குடித்தால் கசப்பு குறைந்து தெரிவது பிரமை இல்லை. (அதே முந்திரியின் பழத்தில் கோவாவில் ஃபெனி காய்ச்சி 2009-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். இங்கே பழம் பெரும்பாலும் தோப்பிலேயே அழுகிப் போகிறது. அது தனிக்கதை.)

அடுத்தது எரிச்சல். கசக்குது என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் சொல்வது இதைத்தான். தொண்டை காந்தினால் அது ஹாப்ஸ் இல்லை, ஆல்கஹால். 5 சதவீதத்துக்குள் இருக்கும் லைட் பீருக்கு மாறினாலே பாதிப் பிரச்னை தீரும்.

காபி, அதுவும் டிகாக்‌ஷன் தூக்கலாகக் குடிப்பவராக இருந்து பீர் மட்டும் பிடிக்கவில்லை என்றால், ஸ்டவுட் பக்கம் போகலாம். கருக வறுத்த பார்லியில் செய்வதால் காபி, சாக்லேட் வாசனை வரும். கறுப்பாக இருந்தால் போதை அதிகம் என்பது தப்புக் கணக்கு. அயர்லாந்தின் கின்னஸ் கறுப்புதான், ஆனால் ஆல்கஹால் 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதே நிறத்து இலங்கை லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். நிறத்தைப் பார்க்காமல் லேபிளைப் பாருங்கள்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

சில பாட்டிலைத் திறந்ததும் ஒரு பிராணி நாற்றம் அடிக்கும். கம்பெனி சரியில்லை என்று திட்டுவோம். பெரும்பாலும் குற்றவாளி வெயில். ஹாப்ஸின் கசப்புப் பொருள்மீது வெளிச்சம் பட்டால் கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகும். துளி இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்பு பாட்டில் இந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும். பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது, வெள்ளை பாட்டில் சுத்தமாகத் தடுக்காது. டின்னுக்குள் வெளிச்சமே போகாது.

சூடு இன்னொரு வில்லன். அக்னி நட்சத்திரத்தில் குடோனிலும் லாரியிலும் வெந்து கிடந்த பீரில் நனைந்த அட்டைப் பெட்டி வாசனை வரும். அதை அப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்துக் கூலிங் ஏற்றினாலும் போன ருசி திரும்பாது. விஸ்கி மாதிரி வைத்து வைத்துக் குடிக்க வேண்டிய சரக்கில்லை பீர். கடையில் லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பார்த்து, சமீபத்தில் வந்ததைக் கேளுங்கள். ஊழியர் முறைப்பார். பரவாயில்லை.

கிளிசரினும் தலைகீழ் பாட்டிலும்

பீரில் கிளிசரின் கலந்திருக்கிறது, பாட்டிலைத் தண்ணீர் கிளாஸில் தலைகீழாகக் கவிழ்த்தால் அது இறங்கிவிடும் என்று ஒரு வித்தை ஊர் ஊராக ஓடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதோ இறங்கும், அதனால் நம்பிக்கை போகாது. உண்மையில் இறங்குவது பீரேதான். தண்ணீரைவிட அடர்த்தி கூடிய திரவம் கீழே வழியும்போது இழை இழையாகத் தெரியும், அவ்வளவே. புளிக்கும்போது ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் கிளிசரால் உண்டாக்கும். அது பீரோடு கலந்தே இருக்கும், தனியாக இறங்கி ஓடாது.

கவிழ்ப்பதைவிட உபயோகமான வேலை ஒன்று உண்டு: கிளாஸில் ஊற்றுவது. பாட்டிலோடு குடித்தால் கேஸ் முழுக்க வயிற்றுக்குப் போய் உப்பும், ஏப்பம் வரும். கிளாஸில் நுரை பொங்க ஊற்றி ஒரு நிமிடம் விட்டால் கேஸ் கொஞ்சம் வெளியேறும், வாசனையும் தெரியும். "கேஸ்தான் ஒத்துக்கலை" என்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

சோடா கலந்தால் தப்பா?

லைட் பீரில் பாதிக்குப் பாதி லெமன் சோடா ஊற்றினால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஜெர்மனியில் அதற்கு 'ராட்லர்' என்று பெயரே இருக்கிறது, அங்கே யாரும் சிரிப்பதில்லை. ஆல்கஹால் இரண்டரை சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரே எச்சரிக்கை, இனிப்பு ஆல்கஹாலை மறைக்கும். அளவு தெரியாமல் உள்ளே போகும்.

ருசி மட்டும் எப்படி என்று பார்க்க நினைப்பவர்களுக்கு ஹைனெகன், பட்வைசர் போன்றவற்றின் '0.0' ரகம் பெரிய சூப்பர் மார்க்கெட்களில் கிடைக்கிறது. அதுவும் பிடிக்கவில்லை என்றால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம், காசு மிச்சம்.

"பீர்தானே" என்று சொல்லும் முன்...

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் உள்ளே 52 மில்லி சுத்த ஆல்கஹால். இது சுமார் 120 மில்லி பிராந்திக்குச் சமம், அதாவது ஒரு குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 5 சதவீத லைட் பீர் என்றால் 32.5 மில்லி, அதாவது 75 மில்லி பிராந்தி. குவார்ட்டர் அடித்தவர் பைக்கைத் தொடக் கூடாது என்று தடுக்கும் அதே நண்பர்கள், ஒரு ஸ்ட்ராங் பீர் குடித்தவரிடம் சாவியைக் கொடுத்து சைடிஷ் வாங்கி வர அனுப்புகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் முறை சிக்கினால் ரூ.10,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைட் பீராகவே இருந்தாலும் ஒரு முழு பாட்டிலை வேகமாகக் குடித்தால் அந்த 30-ஐத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். ஆண்டிமடம் ரோட்டில் ராத்திரி திரும்பும் பைக்குக்கு இது வெறும் அபராதக் கணக்கு இல்லை.

தமிழகத்தில் மது வாங்க வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. புதுச்சேரியில் வெரைட்டி அதிகம், விலையும் குறைவு என்று பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கடலூர் செக்போஸ்ட்டில் மாட்டினால் ருசி ஆராய்ச்சி என்று சொல்லித் தப்ப முடியாது.

உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது, உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை. எனவே இதுவரை பிடிக்காதவர், பிடிக்க வைத்தே தீர வேண்டும் என்று வரிசையாக வாங்கிப் பார்ப்பதற்கு எந்த அவசியமும் கிடையாது. பார்க்கத்தான் போகிறேன் என்பவர் ஒரு லைட் பீர், சின்ன பாட்டில் அல்லது மூன்று பேர் பங்கு, நல்ல கூலிங், கிளாஸில் ஊற்றி, சாப்பிட்ட பிறகு, பைக் சாவியை வீட்டில் கொடுத்துவிட்டு என்று தொடங்கலாம். குடியை நிறுத்த உதவி வேண்டுவோர் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

காலி பாட்டிலைத் தோப்பில் வீசாதீர்கள். முந்திரி பொறுக்க வருபவர்கள் வெறுங்காலோடுதான் வருவார்கள். 2022-ல் நீலகிரியில் தொடங்கி, பக்கத்து பெரம்பலூர் உட்படப் பல மாவட்டங்களுக்கு விரிந்த திட்டத்தில், காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கையில் தருகிறார்கள்.