பிஸ்டன்–உருளை அழுத்தக் கலம்

பிஸ்டன்–உருளை அழுத்தக் கலம் என்பது, திடப் பதார்த்தங்களின் குணங்களை ஏறத்தாழ 3 கிகாபாஸ்கல் வரையிலான மிதமான அழுத்தத்தில் ஆராய்வதற்குரிய சாதனமாகும். பெரிலியம் கலந்த தாமிரத்தாலான தடித்த உருளையின் துவாரத்தில், எண்ணெய் நிரப்பிய சிறு டெஃப்லான் குப்பியினுள் மாதிரியை மூழ்கவைத்து, பிஸ்டனை உள்ளே செலுத்தித் திருகை இறுக்கிவிட்டால், அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டு நிற்க, கலத்தை அப்படியே திரவ ஹீலியத்தில் இறக்கலாம். குளிர்கையில் எண்ணெய் உறைந்து அழுத்தம் ஓரளவு குறைவதால், உடன் வைத்த ஈயத்துண்டு மீகடத்தியாக மாறும் உஷ்ணநிலையைக் கொண்டே (சாதாரண அழுத்தத்தில் 7.2 கெல்வின்; அழுத்தம் ஏற அது தாழும்) உண்மை அழுத்தம் கணிக்கப்படுகிறது; இந்த எளிய உபாயமே இம்முறையின் நம்பகத்துக்கு ஆதாரம். இத்தகைய கலங்கள் பயன்படும் உயரழுத்தத் துறைக்கு அடிகோலிய ஹார்வர்டு பேராசிரியர் பெர்சி பிரிட்ஜ்மன் 1946-இல் நோபெல் பரிசு பெற்றார். இத்துறையின் ஆய்வுகளிலேயே, கரிம உப்பொன்றில் முதன்முதலாக மீகடத்துந்தன்மை, 1979-இல் பிரான்ஸின் ஓர்சே நகரில், சுமார் 1.2 கிகாபாஸ்கல் அழுத்தத்தில், 0.9 கெல்வினில் காணப்பட்டது.