இரவிலேயே எழுந்தவர்

நம் ஆலயம் எழுந்த வரலாறும், மார்ச் மாதத் திருவிழாவின் சிறப்பும், புதன்கிழமை தோறும் நம் வீடுகளில் சொல்லப்படும் சூசையப்பர் மன்றாட்டின் பெருமையும் இம்மலரைக் கையில் எடுக்கும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை நான் மீண்டும் எழுத வேண்டியதில்லை. விழாக் குழுவினர் அன்போடு கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, நம் பாதுகாவலரைப் பற்றிய ஒரே ஒரு கருத்தை மட்டும் இங்கே ஆராய விரும்புகிறேன். குடும்பச் சுமைகளுக்கு நடுவே கடவுளை நம்புவது என்றால் என்ன என்ற கேள்விக்கு, சூசையப்பரின் வாழ்வைவிடத் தெளிவான விடை திருவிவிலியத்தில் இல்லை என்பதே அக்கருத்து. வழி முழுவதும் தெரியாத நிலையிலும், தெரிந்த அடுத்த கடமையை அன்றே செய்துவிட்டு, மற்றதைக் கடவுளின் கையில் ஒப்படைத்தவர் அவர். அச்சம் அவரை விட்டு நீங்கியதாக நற்செய்தி எங்கும் சொல்லவில்லை.

மத்தேயு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களைக் கவனமாகப் படித்தால் சூசையப்பருக்கு நான்கு கனவுகள் வந்ததைக் காணலாம் (மத் 1:20, 2:13, 2:19, 2:22). ஒவ்வொன்றிலும் அவருக்குச் சொல்லப்பட்டது எவ்வளவு குறைவு என்பதே நாம் கவனிக்க வேண்டியது. முதல் கனவில், மரியாவை ஏற்றுக்கொள்ளும்படியும் குழந்தைக்கு இயேசு எனப் பெயரிடும்படியும் பணிக்கப்படுகிறார். பேறுகாலம் எங்கே நேரும், செலவுக்கு என்ன வழி, ஊரார் என்ன சொல்வார்கள் என்பவற்றுக்கு அதில் விடை இல்லை. இரண்டாம் கனவில், எகிப்துக்குத் தப்பி ஓடி, தான் மீண்டும் சொல்லும்வரை அங்கேயே இருக்கும்படி தூதர் கூறுகிறார். எத்தனை மாதம், எத்தனை ஆண்டு, எந்த ஊர், யார் வீடு என்று ஒரு சொல்லும் இல்லை. அவரோ விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இரவிலேயே எழுந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார் என்று நற்செய்தியாளர் பதிவு செய்கிறார் (மத் 2:14). முன்னும் பின்னும் எந்த விளக்கமும் தராமல் அவர் எழுதியுள்ள அந்த ஒரு வசனத்தில்தான் சூசையப்பரின் விசுவாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

இப்பகுதிக்கு உரை எழுதியவர்களுள் என் உள்ளம் கவர்ந்தவர் புனித ஜான் கிறிசோஸ்தோம். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் மத்தேயு நற்செய்தி பற்றி அவர் ஆற்றிய மறையுரைகளுள் எட்டாவதில் சூசையப்பரின் மௌனத்தை வியக்கிறார். தம் மக்களை மீட்பார் என்று சொல்லப்பட்ட பிள்ளை இப்போது தம்மையே காத்துக்கொள்ள முடியாமல் அயல்நாட்டுக்கு ஓட வேண்டுமா, முன்னர் சொன்னதற்கு இது முரண் அல்லவா என்று சூசையப்பர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. திரும்பும் நாள் எது என்றுகூட வற்புறுத்தவில்லை. கடவுள் தம் அடியாரின் வாழ்வில் இன்பத்தையும் துன்பத்தையும் மாறி மாறி நெய்கிறார் என்பதும் அதே உரையில் கிறிசோஸ்தோம் சொல்லும் கருத்து. ஞானிகளின் காணிக்கைக்குப் பின்னே நாடு கடக்கும் பயணம். பயணத்துக்குப் பின்னே தாயகம் திரும்பும் அழைப்பு. அழைப்புக்குப் பின்னே மீண்டும் ஓர் அச்சம். எந்தக் குடும்பத்தின் கதையும் ஏறத்தாழ இப்படித்தானே ஓடுகிறது!

அந்த மீண்டும் வந்த அச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் நம் வாதத்தின் உயிர்நாடி அங்கேதான் உள்ளது. ஏரோது இறந்தபின் இஸ்ரயேல் நாட்டுக்குத் திரும்பும்படி தூதர் கட்டளையிட்டார். கட்டளையை ஏற்றுத் திரும்பிய சூசையப்பர், யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலா ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு அங்கே போக அஞ்சினார் என்று மத்தேயு ஒளிக்காமல் எழுதுகிறார் (மத் 2:22). அந்த அச்சம் வீண் அச்சம் அன்று. யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் தரும் செய்தியின்படி, தந்தை இறந்தபின் வந்த பாஸ்கா விழாவிலேயே கோவிலில் கூடிய மக்கள்மீது அர்க்கெலா படையை ஏவ, ஏறத்தாழ 3000 பேர் மாண்டனர். அவனுடைய கொடுமை பொறுக்க முடியாமல் மக்கள் முறையிட, கி.பி. 6-இல் உரோமைப் பேரரசர் அகுஸ்துவே அவனைப் பதவியிலிருந்து இறக்கி நாடு கடத்தினார். ஆகவே நாட்டு நிலவரத்தை விசாரித்து, ஆபத்தை எடைபோட்டு, பிள்ளையின் உயிருக்காக அஞ்சிய ஒரு தகப்பனையே இங்கே காண்கிறோம். அவருடைய அச்சத்தை விசுவாசக் குறைவு என்று வானகம் கடிந்துகொள்ளவில்லை. மாறாக, நான்காம் கனவு அந்த அச்சத்தை ஒப்புக்கொள்வதுபோல் வந்து அவரைக் கலிலேயாப் பக்கம் திருப்புகிறது. அறிவைப் பயன்படுத்துவதும் நம்பிக்கையின் ஒரு பகுதியே என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2020 டிசம்பர் 8 அன்று வெளியிட்ட ‘தந்தையின் இதயத்தோடு’ என்னும் திருத்தூது மடலில் திருத்தந்தை பிரான்சிசும், கடவுள் உதவாததுபோல் தோன்றும் வேளைகளில் அவர் நம்மைக் கைவிட்டுவிடவில்லை, நாமே சிந்தித்து வழி காணுமாறு நம்மை நம்புகிறார் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். நாம் கடவுளை நம்புவது ஒருபுறம் இருக்க, கடவுள் நம்மை நம்புகிறார் என்பது எத்தகைய மாண்பு!

இங்கே ஒரு மறுப்பு எழும். சூசையப்பருக்குக் கனவில் தூதர் வந்தார். கடன் தவணைக்கும் பிள்ளையின் மருத்துவத்துக்கும் திண்டாடும் நமக்கு யார் வருகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் நற்செய்தி கூறும் நான்கு கனவுகளும் இயேசுவின் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுகின்றன. நாசரேத்தில் குடியேறிய பின்னர் ஒரு கனவும் சொல்லப்படவில்லை. பன்னிரண்டு வயதில் பிள்ளை காணாமற்போனபோது தூதர் வந்து இடத்தைக் காட்டவில்லை. தாயும் தந்தையும் உறவினரிடம் விசாரித்து, வந்த வழியே எருசலேமுக்குத் திரும்பி, மூன்று நாளுக்குப் பின்னரே கோவிலில் அவரைக் கண்டார்கள். தேடிய வேதனையை மரியாவே வாய்விட்டுச் சொல்கிறார். மகன் கூறிய விடையோ அவர்களுக்கு விளங்கவில்லை (லூக் 2:44-50). கோவிலில் குழந்தையைக் காணிக்கையாக்கியபோது அவர்கள் கொடுத்தது பறவைகளின் பலி. ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்ற ஏழைகளுக்கு லேவியர் நூல் (12:8) விதித்த பலி அது. நாசரேத்துக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், உரோமைப் படை எரித்து அழித்த செப்போரிஸ் நகரை ஏரோது அந்திப்பா மீண்டும் கட்டியெழுப்பினான்; அங்கே நடந்த கட்டட வேலை சுற்றுவட்டாரத் தச்சர்களுக்குப் பிழைப்புத் தந்திருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். எப்படியாயினும், சூசையப்பர் வாழ்ந்த நாள்களில் மிகப் பெரும்பாலானவை தூதர் வராத, உளியும் மரமுமான நாள்களே. அவ்வகையில் அவர் நம்மவர்.

கடவுளை நம்பு என்று சொல்வது மனிதரைச் சோம்பேறியாக்கும், தலைவிதியே என்று உட்காரவைக்கும் என்பது இன்னொரு மறுப்பு. ஆண்டவர் வீட்டைக் கட்டாவிட்டால் கட்டுவோரின் உழைப்பு வீண் என்று கூறும் திருப்பாடல் 127, கொத்தனாரைச் சாரத்திலிருந்து இறங்கச் சொல்லவில்லை. காவலர் விழித்திருப்பதையும் அது நிறுத்தவில்லை. வானத்துப் பறவைகளை ஆண்டவர் இயேசு காட்டியபோதும் (மத் 6:26) அவை கூட்டில் வாய் திறந்து கிடக்கும் என்று சொல்லவில்லை. அன்றாட உணவைக் கேட்கும் மன்றாட்டை விளக்கும் இடத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2830), இது செயலற்றிருக்க அழைப்பு அன்று, கவலையின் நுகத்திலிருந்து விடுதலை என்று தெளிவுபடுத்துகிறது. பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோதும் மக்கள் காலையில் எழுந்து போய்ப் பொறுக்கத்தான் வேண்டியிருந்தது. மறுநாளைக்கென்று பதுக்கியது மட்டுமே புழுத்துப்போனது (விப 16). உறங்கும் சூசையப்பர் சுரூபத்தின் அடியில் கவலைகளை எழுதி வைக்கும் வழக்கத்தை 2015 ஜனவரி 16 அன்று மணிலாவில் குடும்பங்களைச் சந்தித்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துச் சொன்னார். அதுமுதல் அச்சுரூபம் நம் வீடுகளிலும் இடம்பெற்று வருகிறது. நல்ல பக்தி முயற்சிதான். ஆனால் இளைப்பாறிய பின் எழ வேண்டும் என்று அதே உரையில் அவர் சேர்த்துச் சொன்னதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி பெத்லகேமிலிருந்து வருகிறது. சூசையப்பரின் பிள்ளை தப்பியது. அண்டை வீட்டுப் பிள்ளைகள் வாளுக்கு இரையானார்கள். அந்தத் தாய்மார் கடவுளை நம்பவில்லையா? இதற்கு எளிய விடை சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. மத்தேயுவும் சொல்லவில்லை. ஆறுதலை ஏற்க மறுத்து அழும் ராகேலின் குரலை எரேமியாவின் நூலிலிருந்து எடுத்து வைத்துவிட்டு (மத் 2:17-18), அந்த அழுகையை அடக்காமல் விட்டுவிடுகிறார். திருச்சபையும் கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி ஓயுமுன் டிசம்பர் 28 அன்று அக்குழந்தைகளை மறைச்சாட்சிகளாக நினைவுகூர்கிறது. நாம் சொல்லத்தக்கது இவ்வளவே: தப்பிய பிள்ளையும் இறுதிவரை தப்பவில்லை. பிலாத்துவின் தீர்ப்பு வந்தபோது எந்தத் தூதரும் அவரை எகிப்துக்கு அழைத்துப் போகவில்லை. துன்பத்திலிருந்து விலக்களிக்கும் ஒப்பந்தமாகக் கடவுள் நம்பிக்கையைக் கொள்பவர்கள் கல்வாரியின் முன் நிற்க முடியாது. அழுகின்ற குடும்பத்தோடு கடவுளே சிலுவையில் வந்து சேர்ந்துகொண்டார் என்று அறிந்தவர்கள் மட்டுமே அங்கே நிற்கிறார்கள்.

நற்செய்திகளில் ஒரு வார்த்தையும் பேசாத இவருக்குத் தமிழ் 3615 பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம் ஒன்றைச் சூட்டியிருக்கிறது என்பதை எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது. இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், தேம்பாவணியின் தலைவராக வேறு எவரையும் தேர்ந்திருக்கலாம். வேந்தர்களின் வெற்றியைப் பாடிப் பழகிய காப்பிய மரபில், தச்சுத் தொழில் செய்த ஒரு குடும்பத் தலைவரை மூன்று காண்டம், முப்பத்தாறு படலம் முழுவதும் அவர் நாயகராக நிறுத்தினார். மேலைத் திருச்சபை சூசையப்பரை அகிலத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தது 1870-இல், திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் காலத்தில்; உழைப்பாளரான சூசையப்பர் விழாவைப் பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தியது 1955-இல். அவற்றுக்கெல்லாம் வெகு முன்பே, 1726-இல், தமிழ்க் காவிரிக்கரை அவருக்கு முடி சூட்டிவிட்டது. இக்காப்பியம் நம் பிள்ளைகளின் வாசிப்பிலிருந்து நழுவுவது பெரும் இழப்பு.

பங்கின் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். வரும் மார்ச் 19 அன்று திருவிழாத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களைப் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பின் இல்லத்தில் எல்லாரையும் அழுத்தும் கவலை ஒன்றை மறைக்காமல் பிள்ளைகள் முன்னிலையில் சொல்லுங்கள். அதில் நாளைக் காலை செய்யக்கூடியது எது, யார் செய்வது என்று பேசி முடிவெடுத்துவிட்டு, அதன் பிறகு செபமாலையைக் கையில் எடுங்கள்.