ஆன்டெனாவிலிருந்து செயலிக்கு: உலகக் கோப்பைக் கிரிக்கெட் நேரலையும் இந்தியப் பார்வையாளர் உரிமையும் (1983–2025)

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் தன் செயலியில் பார்த்ததாக டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் அறிவித்தது. கைபேசியில் பார்த்தவர்களிடம் அது சந்தா வாங்கவில்லை. ஆனால் அந்த இலவசத்தைச் சட்டம் பெற்றுத் தரவில்லை. அதே ஆண்டு ஐபிஎல் ஆட்டங்களை இலவசமாக வழங்கிய ஜியோசினிமாவுக்குப் பார்வையாளர்களை இழந்துவிடாதிருக்க அந்த நிறுவனம் எடுத்த வணிக முடிவு அது. ஒளிபரப்பு அலைகள் மக்களின் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கொள்கை 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறுகி, இணைய நேரலையின் காலத்தில் செயலற்றுப் போனது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

படம் இரவலாக வந்த காலம்

1983இல் தூர்தர்ஷன் நமக்குக் காட்டியது பிபிசி எடுத்த படத்தைத்தான். ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியா கோப்பையை வென்றதை நாடு பார்த்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் என்று அணி சரிந்து கிடந்தபோது கபில்தேவ் ஆட்டமிழக்காமல் அடித்த 175 ரன்னை யாரும் படம்பிடிக்கவில்லை. அன்று அந்த மைதானத்தில் பிபிசியின் கேமரா இல்லை. இந்திய ஒருநாள் கிரிக்கெட்டின் மிகச் சிறந்த ஆட்டங்களுள் ஒன்று ஸ்கோர் அட்டையிலும் பார்த்தவர் நினைவிலும் மட்டுமே தங்கியது. படமெடுப்பவர் கையில்தான் வரலாற்றின் சான்றும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வலிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் அப்போது தொலைக்காட்சி பெரும்பாலும் சென்னை சார்ந்த வசதியாகவே இருந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தென்மாவட்டக் கடலோரங்களில் மொட்டைமாடி ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்த்தவர்கள் பலர். மற்றவர்களுக்கு வானொலியே துணை. அப்துல் ஜப்பார் போன்றோரின் தமிழ் நேர்முக வர்ணனை ஆட்டத்தைக் காதுவழியே கண்முன் நிறுத்தியது.

1987இல் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து உலகக் கோப்பையை நடத்தியபோது இந்திய மைதானங்களில் கேமராவைப் பிடிக்கும் பொறுப்பு தூர்தர்ஷனுக்கு வந்தது. இந்தியாவின் முதல் ஆட்டம் அக்டோபர் 9 அன்று சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்தது. மணிந்தர் சிங் பந்தில் டீன் ஜோன்ஸ் தூக்கியடித்த பந்து எல்லைக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சர்ச்சை எழுந்தது. நடுவர் நான்கு ரன் என்றார். இன்னிங்ஸ் இடைவேளையில் ஆஸ்திரேலியத் தரப்பு முறையிட, கபில்தேவ் சம்மதித்தார். நான்கு ஆறானது, 268 என்றிருந்த எண்ணிக்கை 270 ஆயிற்று. இந்தியா 269 ரன்னில் ஆட்டமிழந்து ஒரு ரன்னில் தோற்றது. மைதானத்தில் கேமராக்கள் இருந்தும் அவற்றின் படத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல விதியில் இடமில்லை. மூன்றாம் நடுவர் முறை 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில்தான் வந்தது. அதில் முதலில் ஆட்டமிழந்தவர் சச்சின் டெண்டுல்கர். தொலைக்காட்சி அதுவரை ஆட்டத்துக்கு வெளியே நின்ற பார்வையாளர். அன்றுமுதல் ஆட்டத்தின் உறுப்பு.

ஹீரோ கோப்பை வழக்கு

அக்காலத்தில் நேரலைக்குப் பணம் தரவேண்டியவர் யார் என்பதே இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறாக இருந்தது. தன் ஆட்டத்தைக் காட்ட விரும்பும் கிரிக்கெட் அமைப்பே தூர்தர்ஷனுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். 1991இல் தென்னாப்பிரிக்க அணி வந்தபோது அந்நாட்டு ஒளிபரப்பாளர் உரிமைக்கு விலை பேச முன்வந்ததுதான், தன்னிடம் விற்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதைக் கிரிக்கெட் வாரியத்துக்கு உணர்த்தியது.

1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையை நடத்தியது. டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனம் 5.5 லட்சம் டாலர் உத்தரவாதம் தர, சங்கம் உரிமையை அதற்கு வழங்கியது. தூர்தர்ஷனோ, தான் எதுவும் தரப்போவதில்லை என்றும், தன் உதவி வேண்டுமானால் ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் தயாரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் எழுதியது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் அரசுக்குத் தந்த தனியுரிமையைக் காட்டி, வெளிநாட்டு நிறுவனம் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்குப் படம் அனுப்புவதை அரசு எதிர்த்தது. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொடங்கி, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1995 பிப்ரவரி 9 அன்று பி.பி. சாவந்த், பி.பி. ஜீவன் ரெட்டி, தமிழ்நாட்டைச் சேர்ந்த எஸ். மோகன் ஆகிய மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஒளிபரப்பு அலைகள் பொதுச்சொத்து. அரசின் தனியுடைமை அல்ல. அவற்றைப் பொதுநலனுக்காக ஒழுங்குபடுத்தத் தன்னாட்சி கொண்ட பொது அமைப்பு வேண்டும் என்றது நீதிமன்றம். தனியார் அலைவரிசைகளுக்குக் கதவைத் திறந்த தீர்ப்பாகவே இதைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஏகபோகம் தனியார் கைக்குப் போவதும் தீங்கே என்று நீதிபதிகள் எச்சரித்திருந்தார்கள். அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையில், பார்ப்பவரின் அறியும் உரிமையும் அடங்கும் என்பதே தீர்ப்பின் உயிர்நாடி. சந்தை தீர்ப்பின் முதற்பாதியை உடனே எடுத்துக்கொண்டது. பிற்பாதி தங்கிவிட்டது.

சட்டம் வந்தது, வழி குறுகியது

அதன்பின் விலை பாய்ந்தேறியது. 1996 உலகக் கோப்பை உரிமையை பெங்களூரில் பிறந்த மார்க் மஸ்கரேனஸின் வேர்ல்டுடெல் 1 கோடி டாலருக்கு வாங்கியது. 2003, 2007 உலகக் கோப்பைகளை உள்ளடக்கிய அடுத்த ஒப்பந்தம் 55 கோடி டாலருக்குப் போனது. ஆட்டம் கட்டண அலைவரிசைகளுக்கு நகர்ந்தது. கேபிள் இணைப்பில்லாத வீடுகள் என்ன செய்யும் என்ற கேள்வி 2004இல் இந்திய அணி பாகிஸ்தானில் சுற்றுப்பயணம் செய்தபோது வெடித்தது. டென் ஸ்போர்ட்ஸ் கையிலிருந்த நேரலையைத் தூர்தர்ஷனும் காட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் தொடரில் நிம்பஸ் நிறுவனத்துடன் அதே தகராறு. ஏழு நிமிடம் தாமதித்துப் படத்தைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஏழு நிமிடம் கழித்து வருவது நேரலை ஆகாது. முடிவு தெரிந்த ஆட்டத்தை நேரலை என்ற பெயரில் ஏழை வீட்டுக்குக் கொடுப்பது நீதியும் ஆகாது.

அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதுவே, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைகளைக் கட்டாயமாகப் பகிரும் 2007ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட போட்டிகளின் படத்தை விளம்பரம் நீக்கி, உடனுக்குடன் பிரசார் பாரதிக்குத் தர வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளருக்கு 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் போகும்.

சட்டத்தின் வாசகத்தைக் கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும். கேபிளிலோ டிடிஎச்சிலோ ஆட்டத்தைக் காட்டுபவருக்குத்தான் அந்தக் கடமை. பகிர்ந்த படத்தைப் பிரசார் பாரதி காட்டக்கூடிய இடங்களும் அதன் தரைவழிக் கோபுரங்களும் டிடிஎச்சும் மட்டுமே. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையை உறுதிசெய்து, பகிரப்பட்ட படம் தூர்தர்ஷன் வழியாகத் தனியார் கேபிளுக்குப் போகக் கூடாது என்றது. கோடி கொட்டி உரிமை வாங்கியவரின் நட்டத்தை நீதிமன்றம் எண்ணிப் பார்த்ததில் தவறில்லை. ஆனால் அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே பிரசார் பாரதி தன் பழைய அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை மூடியது. சட்டம் காட்டிய இரு வழிகளில் ஒன்று ஏறத்தாழ அடைபட்டது. பிரசார் பாரதியின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் வீடு மட்டுமே எஞ்சியது.

செயலியின் கணக்கு

ஹாட்ஸ்டார் 2015 பிப்ரவரியில், உலகக் கோப்பை தொடங்கும் நாட்களை ஒட்டி வந்தது. அடுத்த ஆண்டு ஜியோ வந்து டேட்டா விலையைச் சரித்தது. 2019 ஜூலையில் மான்செஸ்டரில் நடந்த நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியை ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். மொழியும் விரிந்தது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2017இல் தமிழ் அலைவரிசை தொடங்க, வானொலியோடு மங்கியிருந்த தமிழ் வர்ணனை திரையில் நிலையான இடம் பெற்றது. 2023இல் கைபேசியை நிமிர்த்திப் பிடித்தபடியே பார்க்கும் செங்குத்துக் காட்சியும் வந்தது.

இந்த வளர்ச்சி உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோபுரத்துக்கும் செயலிக்கும் பொருளாதார அடிப்படையே வேறு. கோபுரத்திலிருந்து புறப்படும் அலையை நூறு வீடு பிடித்தாலும் லட்சம் வீடு பிடித்தாலும் செலவு மாறாது. செயலியில் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியே தரவு போகிறது. ஆள் கூடக்கூட நிறுவனத்தின் செலவு கூடும், பார்ப்பவரின் டேட்டாவும் கரையும். எனவே செயலியில் இலவசம் என்பது போட்டி நிறுவனம் இருக்கும்வரை நீடிக்கும் ஏற்பாடு. 2024 நவம்பரில் ஹாட்ஸ்டாரை நடத்திய ஸ்டாரும் ஜியோசினிமாவை நடத்திய வயாகாம்18உம் இணைந்தன. 2025 பிப்ரவரியில் இரு செயலிகளும் ஜியோஹாட்ஸ்டார் என ஒன்றாயின. அவ்வாண்டு ஐபிஎல்லிலேயே வரம்பற்ற இலவசம் முடிவுக்கு வந்தது. 1995இல் நீதிபதிகள் எச்சரித்த தனியார் ஏகபோகத்துக்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

இணைய நேரலை அலைகளைச் சாராதது, ஆகவே பழைய தீர்ப்பு அதற்குப் பொருந்தாது என்ற வாதம் உண்டு. கம்பியில்லாக் கைபேசி இணையம் அரசு ஏலத்தில் விடும் அலைக்கற்றையில்தான் ஓடுகிறது என்பதை அந்த வாதம் கணக்கில் கொள்வதில்லை. பிரசார் பாரதிக்கு 2024 நவம்பர் முதல் வேவ்ஸ் என்ற சொந்தச் செயலியும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் கேபிள், டிடிஎச் என்று நிற்கும் இடத்தில் இணைய நேரலையையும் சேர்த்து, உலகக் கோப்பையில் இந்தியா ஆடும் ஆட்டங்களும் அரையிறுதிகளும் இறுதியும் பிரசார் பாரதியின் செயலியில் கட்டணமின்றிக் கிடைக்க நாடாளுமன்றம் வழிசெய்ய வேண்டும்.