1950-இல் மலைமேல் தெரிந்த ஒளி

கிரிவலத்துக்கு வரும் உறவினர்களுக்கு நம் குடியிருப்பில் பலரும் சொல்லும் கதை இது. ரமண மகரிஷி முக்தியடைந்த நிமிடத்தில் அவர் உடலிலிருந்து ஒரு ஜோதி கிளம்பி, மெல்ல ஊர்ந்து, அண்ணாமலைக்குள் புகுந்தது என்பார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மீதிப் பேர், குறிப்பாகக் கல்லூரிப் பிள்ளைகள், சுத்தக் கட்டுக்கதை என்று சிரிப்பார்கள். இரு தரப்புமே அவசரப்படுகிறார்கள் என்பது என் கட்சி.

முதலில் பதிவில் இருப்பதைப் பார்ப்போம். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, 16 வயதில் இங்கே வந்த ரமணர், அதன்பின் ஊரை விட்டுப் போகவே இல்லை. கடைசிக் காலத்தில் இடது கையில் சார்க்கோமா என்னும் புற்றுக்கட்டி; நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை இரவு 8.47-க்கு உயிர் பிரிந்தது.

அன்று ஊரில் இருந்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். பார்த்துப் பார்த்தே பிழைத்த மனிதர் என்பதால் இவர் சாட்சியத்துக்குத் தனி மதிப்பு உண்டு. தங்கியிருந்த வீட்டின் முன்னால் திறந்த வெளியில் நின்றிருந்தபோது, தெற்கிலிருந்து பளிச்சென்ற ஓர் எரிநட்சத்திரம் வாலோடு மெதுவாக வானைக் கடந்து, மலை உச்சியை அடைந்து, அதன் பின்னால் மறைந்தது என்கிறார். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்களாம், 8.47.

கவனியுங்கள். நேரில் பார்த்தவர் சொன்ன சொல் எரிநட்சத்திரம். உடலிலிருந்து கிளம்பியது என்றும் இல்லை, மலைக்குள் புகுந்தது என்றும் இல்லை. மலைக்குப் பின்னால் மறைந்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் எழுபது வருஷத்தில் ஏறிய வட்டி.

அதே இரவில் மதராஸிலும் பலர் அந்த ஒளியைப் பார்த்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அற்புதத்துக்குக் கூடுதல் சாட்சி என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு இதுதான் முடிச்சை அவிழ்க்கும் இடமாகப் படுகிறது. நம் மலையின் உயரம் 2,668 அடி, அதாவது சுமார் 813 மீட்டர். பூமி உருண்டை என்பதால், அந்த உயரத்தில் இருக்கும் எந்த விளக்கும் சமதரையில் நிற்பவருக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் தெரியாது. சென்னையோ நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். மலை உச்சியில் இறங்கிய ஒளியை மெரினாவிலிருந்து பார்த்திருக்க முடியாது. இரண்டு ஊரிலும் தெரிந்தது ஒரே ஒளி என்றால், அது மலையைவிடப் பல மடங்கு உயரத்தில் போயிருக்க வேண்டும். எரிநட்சத்திரங்கள் பொதுவாக 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிகின்றன. கணக்கு நேராகிறது.

அப்படியானால் மலையை அடைந்து மறைந்தது ஏன்? ஆசிரமம் மலைக்குத் தெற்கே இருக்கிறது. அந்தப் பக்கம் நிற்பவருக்கு, தலைக்கு மேலே வடக்கு நோக்கிப் போகும் எதுவும், விமானம் ஆனாலும், தூரம் போகப் போகத் தாழ்ந்து மலைக்குப் பின்னால் இறங்குவதுபோலத் தான் தெரியும். மலைக்கு வடக்கே நின்றிருந்தவருக்கு அதே ஒளி மலையிலிருந்து புறப்பட்டு வந்ததுபோல் இருந்திருக்கும்.

மெதுவாகப் போனதும் வினோதம் இல்லை. விடியற்காலை எரிநட்சத்திரங்கள் பூமிக்கு எதிரே வந்து மோதுகின்றன. முன்னிரவில் வருபவை பெரும்பாலும் பூமியைப் பின்னாலிருந்து துரத்திப் பிடிப்பவை. அதனால் வேகம் குறைவு. இத்தனை பேர் பார்த்ததற்கும் காரணம் உண்டு. அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு. நிலா இல்லாத இருட்டு. சித்திரை வெயிலுக்குத் திண்ணையிலும் மாடியிலும் காற்று வாங்கிய காலம். இங்கேயோ ஆசிரமத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் மலையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

நட்சத்திரம் விழுந்தால் பெரியவர் ஒருவருக்கு ஆகாது என்ற எண்ணமும் நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழார், ஒரு விண்மீன் விழக் கண்டு தம் சேர மன்னனுக்காக அஞ்சுகிறார்; ஏழாம் நாள் மன்னன் இறக்கிறான். அங்கே ஏழு நாள் இடைவெளி. இங்கே ஒரு நிமிடம்கூட இல்லை.

அந்த 8.47 தான் மிச்சம். பைசா பிசகாமல் முதல் தடவையே டேலி ஆகும் கணக்கை இன்னொரு முறை சரிபார்ப்பது பேங்கில் எங்கள் பழக்கம். அன்றைய கடிகாரங்கள் தினமும் சாவி கொடுத்தவை. வீட்டுக்கு வீடு இரண்டு மூன்று நிமிடம் வித்தியாசம் சகஜம். ஒளி தெரிந்த நேரம் ஒரு கடிகாரத்தில். உயிர் பிரிந்த நேரம் வேறொன்றில். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேளை என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒற்றுமைக்கு வானியலில் காரணம் தேடி எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தற்செயல் என்றே வைத்துக்கொள்கிறேன். அதில் அருளைக் காண்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்களோடுதான் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் நடக்கிறேன்.

நம் நான்கு பிளாக்குகளிலும் எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் இருக்கிறார்கள். அன்று அந்த ஒளியை வேறு ஊரிலிருந்து பார்த்தவர்கள், அல்லது பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள் யாராவது இருந்தால், எந்த ஊர், எந்தத் திசை, எவ்வளவு உயரத்தில் தெரிந்தது என்று சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டு ஊரின் திசை சரியாகக் கிடைத்தால் போதும், வரைபடத்தில் இரண்டு கோடு போட்டு அது எந்த ஊருக்கு மேலே எரிந்தது என்று சொல்லிவிடலாம்.