இப்னு கல்தூன் கண்ட உழைப்பும் ஊக்கமும்

பணியாளரிடமிருந்து மிகுதியான பயனைப் பெறுவது எவ்வாறு என்பது இன்று மேலாண்மை இயலின் முதன்மையான பாடமாகிவிட்டது. அதன் கலைச்சொற்கள் புதியவை, வினா பழையது. ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கியிருந்து ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், அவ்வினாவைப் பல இடங்களில் தொட்டுச் செல்கிறார்.

அவர் ஏட்டறிவு மட்டும் உடையவரல்லர். 1332இல் துனீஸில் பிறந்து, அரசவை எழுத்தராகத் தொடங்கி, பிஜாயாவில் ஆட்சியை நடத்தும் ஹாஜிபாக உயர்ந்தவர். மலைவாழ் பர்பர் குலத்தாரிடம் வரி தண்டவும் சென்றவர். ஏவுவதும் ஏவப்படுவதும் அவருக்குப் பட்டறிவு.

தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் இரு அரபுச் சொற்களை ஈண்டு நினைவூட்ட வேண்டும். ‘ஐன்’ எழுத்தில் தொடங்கும் அமல், செயல் அல்லது உழைப்பு. ‘அலிஃப்’ எழுத்தில் தொடங்கும் அமல், எதிர்பார்ப்பு அல்லது நம்பிக்கை. அநீதி நாகரிகத்தைப் பாழாக்கும் என்னும் புகழ்பெற்ற அத்தியாயத்தை இப்னு கல்தூன் இந்த இரண்டாவது சொல்லைக் கொண்டே தொடங்குகிறார். ஈட்டியது பறிபோகும் என்று கண்டவனிடம் ஈட்டும் எதிர்பார்ப்பு மறைகிறது. அது மறைந்த அளவுக்கு அவன் கையும் முயற்சியிலிருந்து சுருங்குகிறது. சோம்பல் பிறவிக் குணமன்று, காரணமுடைய விளைவு என்பதே இதன் உட்பொருள்.

அதே அத்தியாயத்தில், கூலியின்றி வேலை வாங்கும் ‘தஸ்கீர்’ மிகப் பெரிய அநீதிகளுள் ஒன்றெனக் கூறப்படுகிறது. உழைப்பாளியின் முதல் அவனது உழைப்பே. அதன் மதிப்பைக் கொடாதிருப்பது முதலையே கவர்வதாகும். இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் மக்கள் முயற்சியை அறவே கைவிடுவர் என்கிறார். ஊதியம் தராமல் கூடுதல் நேரம் வேலை வாங்கும் நம் கால நிறுவனங்களை அவர் எப்பெயரால் அழைத்திருப்பார் என்று நாம் ஊகிக்கலாம்.

கடுமையைப் பற்றிய பகுதி நமக்கு இன்னும் நெருக்கமானது. அடக்குமுறையில் வளர்க்கப்படும் மாணவர், அடிமை, பணியாள் ஆகிய மூவரையும் அவர் ஒரே தட்டில் வைக்கிறார். ‘நஷாத்’ எனும் உள்ளக் கிளர்ச்சி போய்விடுகிறது, சோம்பல் வருகிறது, தண்டனைக்கு அஞ்சிப் பொய்யும் சூதும் பழக்கமாகின்றன. பிரம்பை நம்பும் ஆசிரியர்கள் இப்பகுதியை இருமுறை படிக்கலாம்! ஆயினும் அவர் தளர்ச்சியை ஆதரிக்கவில்லை. கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகன் அமீனின் ஆசிரியருக்கு வழங்கிய அறிவுரையை எடுத்துக்காட்டுகிறார்: ஒரு நாழிகையும் வீணாகலாகாது, மனத்தை வருத்தவும் கூடாது, ஓய்வே இனிக்கும் அளவுக்கு விட்டுவிடவும் கூடாது, மென்மை பலிக்காதபோதே கடுமை.

மிகையான கூர்மதியும் தலைவனுக்கு ஆகாது என்பது அவரது நுட்பமான கருத்து. பதவி நீக்கப்பட்ட ஸியாத், திறமைக் குறைவாலா, நம்பிக்கைத் துரோகத்தாலா என்று உமர் (ரலி) அவர்களிடம் கேட்கிறார். இரண்டுமில்லை, உம் அறிவின் மிகுதியை மக்கள்மேல் சுமத்த விரும்பவில்லை என்று விடை வருகிறது. தம் அறிவின் அளவுக்கே எல்லாரும் ஓட வேண்டுமென எதிர்பார்க்கும் மேலாளர்களை நாமும் அறிவோம்.

ஓரிடத்தில் மட்டும் அவரோடு முழுமையாக உடன்பட இயலவில்லை. திறமையற்ற நேர்மையாளனைவிட, நேர்மை குறைந்த திறமையாளனே பணிக்கு ஏற்றவன்; முன்னவனால் வரும் இழப்பைத் தடுக்க முடியாது, பின்னவனைக் காவல் செய்து கொள்ளலாம் என்கிறார். வலிமையும் நம்பகமும் ஒருங்கே வேண்டும் என்பது திருக்குர்ஆன் (28:26) காட்டும் அளவுகோல். இரண்டும் நிறைந்தவன் சிறு பணிக்கு வரமாட்டான் என்பது இப்னு கல்தூனின் சந்தை அனுபவம். ஆனால், காவலுக்கு ஆகும் செலவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

1384இல் கெய்ரோவில் மாலிக்கீ காழியாகப் பொறுப்பேற்றபோது அவரே கண்டிப்பானவர் எனப் பெயரெடுத்தார். பலமுறை நீக்கப்பட்டு, ஆறாம் முறையாக நியமிக்கப்பட்ட சிறிது காலத்திலேயே, 1406இல் காலமானார்.